சிவப்பு இல்லாத வட்டம்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு எங்கள் வீட்டுக்காரர் என் முகத்தை நிமிர்ந்து பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "உங்க ஊர் ஏரியில ஏரோப்ளேன் எறங்குச்சே, நீ பார்த்தியா?" என்பதுதான். நாற்று நடத் தெரியுமா, மாடு கறக்கத் தெரியுமா என்று அவருடைய அம்மா விசாரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் இவர் இப்படிக் கேட்டதும் கூடத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை. "பார்த்தேன். தொட்டும் பார்த்தேன்" என்றேன். அந்தப் பதிலுக்காகத்தான் என்னைக் கட்டிக்கொண்டார் என்று இன்றைக்கும் சொல்வேன். அவர் இல்லை என்பார். நான் சொல்வதுதான் சரி.

வெள்ளைக்காரன் காலத்து உலகச் சண்டை நடந்தபோது எனக்கு ஏழு வயது இருக்கும். கோடைக்கு வற்றிக் கிடந்த எங்கள் சேரப்பணஞ்சேரி ஏரியில் சண்டை ஏரோப்ளேன் ஒன்று கோளாறாகி வயிற்றால் வழுக்கிக்கொண்டே வந்து நின்றது. ஊர் மொத்தமும் ஓடியது. அதிலிருந்து இறங்கிய வெள்ளைக்காரப் பையன் இறக்கை நிழலில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். எங்கள் அம்மா சொம்பில் மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள். எல்லோரும் அவன் மோர் குடிப்பதை வேடிக்கை பார்த்தார்கள். நான் வால் பக்கம் போய்க் கையை வைத்தேன். பிறகு லாரிகள் வந்தன. இறக்கையைத் தனியாகக் கழற்றி, உடம்பைத் தனியாகக் கட்டி ஏற்றிப் போய்விட்டார்கள்.

எங்கள் வீட்டுக்காரருக்குக் குன்றத்தூர்ப் பக்கம் ஊர். செய்தி எட்டியதும் அங்கிருந்த பையன்கள் எல்லாம் நடந்தே வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இவருக்கு மட்டும் அம்மை போட்டிருந்தது. வாசலில் வேப்பிலை செருகி, உள்ளே படுக்க வைத்துவிட்டார்கள். தலைக்கு மேலே அது இருமிக்கொண்டு போன சத்தத்தைத்தான் கேட்டாராம். அம்மைத் தழும்பு முகத்தில் கொஞ்சம்தான். மனசில்தான் அதிகம்.

மறைமலை நகர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் பெயிண்ட் செக்‌ஷனில் வேலை பார்த்து ரிடையர் ஆனார். மற்ற ஆண்கள் ரிடையர் ஆனால் டீக்கடைக்குப் போவார்கள். இவர் ஞாயிற்றுக்கிழமை பட்டணத்துக்கு பஸ் ஏறி, நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவர்களிடம் குந்திக்கொண்டு, சண்டை ஏரோப்ளேன் படம் போட்ட இங்கிலீஷ் புத்தகமாகப் பொறுக்கிக்கொண்டு வந்தார். அதைப் பார்த்துச் சின்னதாக அதே மாதிரி செய்ய ஆரம்பித்தார். முதலில் செய்தது கத்தரிக்காய்க்கு இறக்கை முளைத்த மாதிரி இருந்தது. அதைச் சொன்னதற்கு அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பில்லை என்றார். உப்பு இருந்தது.

போகப் போகக் கை வந்துவிட்டது. மரத்தில் உடம்பைச் செதுக்குவார். ரீஃபில் குழாயை வெட்டிப் புகைக் குழாய் வைப்பார். ஊசி போடுகிற ஊசியைத் தேய்த்துத் துப்பாக்கி வைப்பார். ஓட்டுகிறவன் தலைக்கு மேலே கண்ணாடி மூடி வேண்டுமே, அதற்குத் தண்ணீர் பாட்டிலைத் துண்டு போட்டு என் காஸ் அடுப்பில் காட்டி, இளகினதும் ஒரு மரக் கட்டைமேல் வைத்து இழுத்துப் பிடிப்பார். அந்த நாற்றத்தில் என் ரசம் எத்தனையோ முறை பாழாகியிருக்கிறது. தாம்பரத்துப் பட்டாளத்து விமானம் வீட்டுக்கு மேலே போனால் வெளியே ஓடுவார். "அது இந்தக் காலத்து வண்டி" என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்பி வருவார்.

நாலைந்து செய்து முடித்தபின் ஒருநாள் காபி குடித்துக்கொண்டே சொன்னார்.

"இந்தாமே. உங்க ஊர் ஏரியில எறங்குனத செய்யப் போறேன்."

"நீங்க பார்த்ததில்லியே."

"அதுக்குத்தான் நீ கீறியே."

எனக்குப் பெருமையாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. அதுவரைக்கும் யாரும் என்னிடம் அதைப் பற்றி மரியாதையாகக் கேட்டதில்லை. ஏழு வயதுப் பெண் கனவு கண்டிருப்பாள் என்று என் கூடப் பிறந்த அண்ணனே சொல்லியிருக்கிறார். அதனால் நானும் உடனே எல்லாவற்றையும் கொட்டிவிடவில்லை. கேட்டால் சொல்வேன், கேட்டதை மட்டும் சொல்வேன்.

எழுத்துக் கூட்டித்தான் எனக்குப் படிக்க வரும். பென்சிலில் படம் வரையச் சொன்னால் வராது. கோலம் வரும். வாசலில் தண்ணீர் தெளித்து, கோலமாவில் அதை மேலிருந்து பார்க்கிற மாதிரி ஒன்று, பக்கத்திலிருந்து பார்க்கிற மாதிரி ஒன்று என்று போட்டுக் காட்டினேன். இறக்கை இவ்வளவு தடி, முதுகு இப்படிக் கூன், வால் இப்படி. அவர் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கோலத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். தெருவில் போன பால்காரர், "இன்னா பெரீவரே, கோலத்துக்கு ஆபீசர் மாரி மார்க்கு போடுறீயா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"எவ்ளோ நீளம் இருந்துச்சு?" என்றார் இவர்.

"எங்க வூட்டு வைக்கப்போர் ரெண்ட சேர்த்து வெச்ச மாரி."

அவர் கணக்குப் போட்டுப் பார்த்துச் சிரித்தார். "உன் கணக்குல அது ஏரோப்ளேன் இல்லமே, ரயிலு."

அதில் நான் தோற்றேன். ஆனால் அடுத்ததில் தோற்கவில்லை. வால் பக்கம் துணி என்றேன். தொட்டபோது மத்தளத் தோல் மாதிரி விண்ணென்று இருந்தது, தகரம் இல்லை என்றேன். "துணியில ஏரோப்ளேனா? மழ பேஞ்சா நனைஞ்சி போவாதா?" என்று அதற்கும் சிரித்தார். பிறகு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓர் ஓரமாகப் போனார். வெகுநேரம் பக்கம் பக்கமாகப் புரட்டினார். திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை. அது ஹரிகேன் என்ற ஜாதியாம். முன்பக்கம் தகடு, பின்பக்கம் துணி போர்த்தினதாம்.

"உன் பழைய புடவ ஒண்ணு குடு" என்றார்.

என் வெள்ளை ஃபுல்வாயில் பருத்திப் புடவையில் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தேன். சன்னமான குச்சிகளைக் கட்டி, அதன்மேல் அந்தத் துணியைப் போர்த்தி, கஞ்சி தடவிக் காய வைத்தார். அங்கே இரண்டு அடி இருந்தால் இங்கே ஓர் அங்குலம் என்று கணக்கு. இறக்கை ஒரு முழத்துக்குக் கொஞ்சம் அதிகமாக வந்தது. காய்ந்ததும், "தொட்டுப் பாருமே" என்றார். தொட்டேன். விண்ணென்று இருந்தது.

சண்டை வந்தது வட்டத்தில்தான். எந்த நாட்டு ஏரோப்ளேன் என்று காட்ட இறக்கைமேல் பக்கத்துக்கு ஒன்றாகப் பெரிய வட்டம் இருக்கும். புத்தகத்தில் இருந்த எல்லாப் படத்திலும் நீல வட்டத்துக்குள்ளே நட்டநடுவில் சிவப்பு. நான் பார்த்ததில் சிவப்பே கிடையாது. கருநீலத்துக்குள் வெளிர்நீலம், அவ்வளவுதான்.

"புக்குல போட்டுக்கீறான்மே. வெள்ளக்காரன் அவன் வண்டிய அவனே தப்பா போடுவானா?"

"அவன் எந்த வண்டிய பார்த்து போட்டானோ. நான் எங்க ஏரியில நின்னத சொல்றேன்."

"ரெண்டு வைக்கப்போர்னு சொன்னவதானே நீ?"

எனக்குச் சுருக்கென்றது. "சின்னப் பொண்ணு கண்ணுக்கு எல்லாம் பெருசாத்தான் தெரியும். கலரு கூடவா மாறித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அவர் வட்டம் போடவில்லை. பச்சையும் பழுப்புமாகப் பூசின ஏரோப்ளேன் வெறும் இறக்கையோடு டிவி பெட்டிமேல் நின்றது. அந்தப் பக்கம் துடைக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். அழகாகச் செய்திருந்தார், அதில் குறையில்லை. எனக்கு வேண்டியிருந்தது வேறு. நான் பார்த்தேன் என்றால் பார்த்தேன் என்று அவர் நம்ப வேண்டும். பெண் பார்க்க வந்த அன்றைக்கு நம்பினாரே, அந்த மாதிரி.

ஒருநாள் ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், வட்டம் போட்டிருந்தது. கருநீலம், உள்ளே வெளிர்நீலம். நான் பையைக் கீழே வைக்காமல் நின்றேன். அவர் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே, "செவப்பு தீந்து போச்சு. வாங்கறதுனா குன்றத்தூர் வரைக்கும் போவணும்" என்றார்.

சிவப்பு டப்பா அலமாரியில் இருந்தது. குலுக்கிப் பார்த்தேன், பாதிக்குமேல் இருந்தது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாய் திறந்து நம்புகிறேன் என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. சரி, நானும் கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற பொருள் இல்லை அது.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கத்தில் அன்றைக்குக் கம்பெனி பஸ்ஸெல்லாம் வாழைக்கன்று கட்டிக்கொண்டு போகும். எங்கள் வீட்டில் பூஜைக்குப் பொட்டு வைப்பது அவர் வேலை. கம்பெனியில் இருந்த காலமெல்லாம் அந்த செக்‌ஷனில் ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்த கை. ஒரு கிண்ணத்தில் சந்தனம், ஒரு கிண்ணத்தில் குங்குமம். அரிவாள்மனை, சுத்தியல், அரம், குறடு, அவருடைய சின்னக் கத்தி, சைக்கிள் என்று வரிசையாக வைத்துக்கொண்டே போனார். கை ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். ஊதுவத்தி எங்கே, பொரி எங்கே என்று என்னை விரட்டிக்கொண்டே டிவி பெட்டிக்கு வந்து, டிவிக்கு ஒரு பொட்டு வைத்து, அதே ஓட்டத்தில் ஏரோப்ளேனுக்கும் வைத்துவிட்டார். வட்டத்தைக் கண்டால் எங்கள் ஆட்களின் விரல் நடுவுக்குத்தானே போகும். இந்த இறக்கையில் ஒன்று, அந்த இறக்கையில் ஒன்று. சந்தனத்தின் மேல் நல்ல சிவப்புக் குங்குமம், நட்டநடுவில்.

நான் கற்பூரத் தட்டோடு வந்து பார்த்தேன். சிரிப்பு அடக்க முடியவில்லை.

"இன்னாமே, பூச நேரத்துல?"

"குன்றத்தூர் போவாமலே செவப்பு வந்துடிச்சே" என்றேன்.

திரும்பிப் பார்த்தார். "அடக் கடவுளே" என்று கிண்ணத்தை வைத்தார்.

அதே நேரம் மாடியில் குடியிருந்த திருநெல்வேலித் தம்பி கம்பெனி பூஜையில் கொடுத்த பொரிப் பொட்டலத்தோடு உள்ளே வந்தான். மாடி அறையில் நாலு பையன்கள் ஷிஃப்ட் மாற்றி ஷிஃப்ட் தூங்குவார்கள், அவர்களில் இவன் ஒருத்தன். எங்கள் வட்டச் சண்டை படி வழியாக மாடிக்கும் போயிருந்தது போல. டிவிமேல் இருந்த ஏரோப்ளேனைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இப்பந்தான் சரியா இருக்கு. புத்தகத்துல உள்ள மாதிரியே செவப்பு வச்சிட்டியளே" என்றான்.

எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்துத்தான் சொன்னார்.

"அது பூச பொட்டுப்பா. துடைச்சிடுவேன். அந்த ஏரோப்ளேன்ல செவப்பு கெடையாது."

"புத்தகத்துல..."

"புக்கு எழுதுனவன் எங்க ஏரிக்கு வந்தானா? இவ பார்த்துக்கீறா. தொட்டுப் பார்த்துக்கீறா. இவ இல்லன்னா இல்லதான்."

கற்பூரம் அணைகிற மாதிரி ஆனதும்தான் நான் தட்டோடு நிற்பது எனக்கே தெரிந்தது. அந்தத் தம்பி என்னைப் பார்த்து, "ஆச்சி, லீவுல பிரவுசிங் சென்டர் போயி தேடிப் பாத்துட்டு வரட்டா? சிவப்பு இல்லாதது இருக்கான்னு?" என்றான். வேண்டாம் என்றேன். "எதுக்குப்பா? இனிமே யாருக்குத் தெரியணும்?" பொரியை வாங்கிக்கொண்டு, சுண்டல் சாப்பிட உட்காரச் சொன்னேன்.

மறுநாள் நனைத்த பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தார். குங்குமம் போனாலும் வெளிர்நீலத்தில் ரோஸ் மாதிரி ஒரு சாயம் நின்றுவிட்டது. நீலம் கலந்து மறுபடி பூசினார். எத்தனை கலந்தும் பழைய நீலம் வரவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நடுவில் ஒரு சின்ன வட்டம் கொஞ்சம் வேறு நீலமாகத் தெரியும். பெயிண்ட் செக்‌ஷனில் இருந்தவருக்கு அது பெரிய அவமானம். எனக்கு அந்த இடம்தான் பிடிக்கும்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அரிவாள்மனையிலிருந்து ஆரம்பித்து வரிசையாக வந்தவர், டிவி பெட்டிக்கு முன்னால் விரலில் சந்தனத்தோடு நின்றுவிட்டார்.

"இந்தாமே, இதுக்கு எங்க வெக்கறது? நீயே சொல்லு. பார்த்தவ நீதானே."

நான் அவசரப்படவில்லை. புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கொஞ்சம் யோசிக்கிற மாதிரி நின்று, ஏரோப்ளேனின் மூக்கைக் காட்டினேன்.