பூட்ட மறுத்த முகமூடி

தெருவில் எல்லாருக்கும் அவர் ‘காலர்காரர்’. அந்தத் தையல்காரர் தைத்த காலர் கழுத்தில் உட்கார்ந்தால் கூனனும் நிமிர்ந்து நடப்பான். நம்பாதவர்கள் கூனனிடமே கேட்டுக்கொள்ளலாம்.

அவர் கழுத்திலேயே புற்றுநோய்க் கட்டி வந்தது. மருந்து ஏற்றியும் அசையவில்லை. அதனால் டாக்டர் இரண்டு வைத்தியங்களைச் சேர்த்தார். கட்டியைப் பொசுக்கக் கதிர்வீச்சு. தூங்கிக் கிடக்கும் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்ப ஊசி. கதிர் இம்மியும் பிசகக்கூடாதென்று முகத்துக்கும் கழுத்துக்கும் அச்செடுத்து ஒரு வலை முகமூடி செய்தார்கள். அதை மாட்டி, மேஜையோடு சேர்த்துப் பூட்டிவிடுவார்கள்.

கொஞ்ச நாளில் கட்டி வீங்கத் தொடங்கியது. கண்ணாடியில் அதைப் பார்த்தார். சொன்னால் வைத்தியத்தை நிறுத்திவிடுவார்களே, அப்புறம் போக்கிடம் ஏது? வாயைத் திறக்காமல் சட்டைக் காலரைப் பிரித்துத் தளர்த்தித் தைத்தார்.

“ஏங்க, அந்தச் சட்டையையே எத்தனை தடவை பிரிப்பீங்க?” என்றாள் மனைவி.

“துணி சுருங்கிடுச்சு.”

“நீங்க எடுத்த துணியா? சுருங்கியிருந்தா கடைக்காரன் இந்நேரம் ஊரைவிட்டே ஓடியிருப்பானே!”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் கதிர்வீச்சு அறையில் வேலை பார்க்கும் பெண் முகமூடியை அழுத்தினாள். ஒரு பக்கம் பூட்டிக்கொண்டது. மறுபக்கம் பிடிவாதமாக எழும்பி நின்றது. வலை தொண்டையை நெரித்தது.

“ஐயா, இந்த வீக்கம் எப்ப வந்துச்சு?”

“இன்னைக்குத்தாம்மா.”

“ஒரே நாள்லயா? பூசணிக்காய்கூட இப்படி வளராதே!”

வைத்தியம் அன்று நடக்கவில்லை. டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். “கட்டி வளர்ந்திருக்கலாம். இல்லைன்னா, ஊசி எழுப்பிவிட்ட எதிர்ப்பு அணுக்கள் உள்ளே புகுந்து கும்பல் கூடியிருக்கலாம். வெளியே பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான். ஊசியால குத்திக் கொஞ்சம் சதையை எடுத்துப் பார்க்கணும்.”

“வளர்ந்திருந்தா?”

டாக்டர் கையுறையைக் கழற்றினார்.

முடிவு வரும்வரை அவர் கத்தரியைத் தொடவில்லை. “என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?” என்று மனைவி அழுதாள்.

“சொன்னா நிஜமாயிடும்னு தோணுச்சு.”

குத்தி எடுத்ததில் பெரும்பாலும் எதிர்ப்பு அணுக்கள்தாம். ஆனால் நடுவே கட்டியின் அணுக்களும் உயிரோடு இருந்தன. வைத்தியம் தொடரும் என்றார்கள்.

புது முகமூடிக்காக வெதுவெதுப்பான ஈர வலையை எடுத்துக்கொண்டு அந்தப் பெண் வந்தாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கொஞ்சம் இரும்மா. காதுக்குக் கீழே இன்னொண்ணு தட்டுப்படுது. நேத்துதான் வந்துச்சு.” அவள் விரலை அந்த இடத்தில் வைத்தார். “சத்தியமா இது நேத்துதான்.”

அவள் வலையை வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனாள்.