ஊர்ப்பெயர் வெட்டிய பாய்லர்

செல்லாயக்கா, இன்று காலையும் உன் பாய்லரைக் கேட்டு வந்துவிட்டார்கள்.

பாத்திர வண்டிக்காரர் வாசலில் தராசோடு நிற்கிறார். பக்கத்தில் பெரியப்பா. "செத்தவ சாமானு எதுக்கு அம்முணி? பழசப் போட்டுட்டுப் புதுசு எடுத்துக்கலாம்" என்கிறார். வண்டியிலிருந்து புளி போட்டுத் துலக்கிய செம்பின் வாசம் வந்தது. அது மூக்கில் ஏறியதும் பெரியப்பா பேசியது எதுவும் என் காதில் விழவில்லை.

உங்களுக்கு என் அக்காவைத் தெரியாது. நான் நாலாம் வகுப்போடு நின்றவள், கோர்வையாகச் சொல்ல வராது. முன்னே பின்னே போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவை ஓமலூரில் கட்டிக்கொடுத்தபோது, சீரில் எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தது அந்தப் பாய்லரைத்தான். வயிறு பெருத்த செம்புப் பானை. நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு குழல். அதில் கரியைக் கொட்டிப் பற்றவைத்தால் சுற்றியிருக்கும் தண்ணீர் காயும், அடியில் குழாயைத் திருகினால் வெந்நீர் கொட்டும். கழுத்தில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது: செல்லாயி. மல்லசமுத்திரத்தில் எங்கள் தெருவுக்கே அது அதிசயம். நான் குழாயைத் திருகித் திருகிப் பார்த்து அடி வாங்கினேன்.

இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஒருநாள் பட்டப்பகலில், தெருவே பார்க்க, அக்கா மாட்டுவண்டியில் வந்து இறங்கினாள். கையில் பாய்லர்.

"அந்த மனுசன் கை நீட்டறாருங்கப்பா. இனி நான் போக மாட்டேன்."

"மத்த சாமானெல்லாம் எங்க சாமி?" என்றார் அப்பா. பாவம், வேறு என்ன கேட்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"எம்பேரு வெட்டுனது இது ஒண்ணுதான். அதான் தூக்கியாந்துட்டேன்."

அதற்குப் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் கொல்லையில், குளிக்கிற பொடக்காலியில், கை கழுவப் போவார்கள், பாய்லரைப் பார்ப்பார்கள். "இது ஓமலூருக்குக் குடுத்ததாச்சே?" என்பார்கள். அப்பா உடனே குனிந்து செருப்பைத் தேடுவார். காலில்தான் போட்டிருப்பார்.

அடுத்த தீபாவளிக்கு அது உடைந்தது. எங்கள் பக்கம் அடுப்பில் அண்டா வைத்துத்தான் பழக்கம். முதலில் தீயை மூட்டிவிட்டு, அது பிடிப்பதற்குள் தண்ணீர் சேந்தி ஊற்றுவார்கள். பாய்லரை எப்போதும் அக்காதான் மூட்டுவாள்; அன்று அம்மா பழைய பழக்கத்திலேயே வெறும் பாய்லரில் கரியைப் போட்டு மூட்டிவிட்டு, குடத்தோடு கிணற்றடிக்குப் போய்விட்டாள். குழலைப் பானையோடு சேர்த்திருந்த ஈயம் உருகிவிட்டது. திரும்பி வந்து ஊற்றிய தண்ணீரெல்லாம் நெருப்பில் இறங்கி, புஸ்ஸென்று சாம்பலாய்க் கிளம்பியது. தலையில் எண்ணெய் வழிய நாங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். சாம்பல் அத்தனை பேர் மேலும் ஒட்டிக்கொண்டது. பெரியப்பா திருநீறு பூசிய பண்டாரம்போல் எழுந்து நின்றார். அக்கா சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கல் வந்துவிட்டது.

சிரிப்பு மதியம் வரைக்கும்தான். "ஓட்டப் பாய்லர எடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்கலாம்" என்றார் பெரியப்பா. அப்பாவும் தலையாட்டினார். அது கண்ணில் படாமல் போனால் போதும் அவருக்கு. அது அக்காவுக்குத் தெரியாதா?

"ஓட்டையா இருக்கறதால போடறீங்களா, ஓமலூர்ல இருந்து திரும்பி வந்ததால போடறீங்களா? நானும் அங்க இருந்து வந்தவதானுங்க. என்னையும் எடைக்குப் போடுங்க."

மறுநாள் பாய்லரைச் சும்மாட்டின் மேல் ஏற்றிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

அது உலகச் சண்டைக் காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடின. பஸ்ஸின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஒரு கரி அடுப்பு நிற்கும். கண்டக்டருக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஏனம்முணி, பஸ்ஸுக்கு வெளிய ஒரு பாய்லரு, உள்ளயும் ஒரு பாய்லரா?"

"மேட்டுல உங்க பாய்லரு நின்னுபோனா இதக் கேப்பீங்க. குடுக்க மாட்டேன், ஆமா."

மேட்டில் நின்றேவிட்டது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம், அக்காவைத் தவிர. அவள் பாய்லரை விட்டு இறங்கவில்லை.

திருச்செங்கோட்டில் பாத்திரம் ஒட்டுகிறவர் உள்ளே கைவிட்டுப் பார்த்தார். "இதுக்குப் புதுசே வாங்கிப்போடலாமுங்க."

"ஒட்ட முடியுமுங்களா, முடியாதுங்களா?"

"முடியும். ஆனா ஒட்டு தெரியும்."

"தெரியட்டும். அப்பறம், எம்பேருக்குக் கீழ ஊர்ப்பேரும் வெட்டிருங்க."

"கட்டிக்குடுத்த ஊரு எதுங்க?"

"கட்டிக்குடுத்த ஊரு வேண்டாம். மல்லசமுத்திரம்னு வெட்டுங்க."

அவர் ஒருமுறை அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு உளியை எடுத்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கியதும் அப்பா அதன் முன் குந்தினார். அவருக்குப் படிக்கத் தெரியாது. "என்ன சாமி போட்டிருக்குது?" என்று என்னைக் கேட்டார். படித்துக் காட்டினேன். புதிதாக வெட்டிய புள்ளிகள்மேல் விரலை வைத்து மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். அப்புறம் எழுந்து, அவரே குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனார். போகிற போக்கில் அம்மாவிடம், "கரி அப்பறம். மொதல்ல தண்ணி" என்றார். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அவர் செருப்பைத் தேடவில்லை.

பக்கத்து வீட்டு அத்தை மட்டும், "ஒட்டுப் போட்டது எத்தன நாளைக்கு வரும்?" என்றாள்.

"உங்க காலம் முடியற வரைக்கும் வருமுங்க" என்றாள் அக்கா. அத்தை நன்றாகத்தான் இருக்கிறாள். பாய்லரும் இருக்கிறது. அக்காதான் இந்த ஆடிக் காய்ச்சலில் போய்விட்டாள்.

கடைசியாகக் குளிப்பாட்டக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார்கள். "அவளுக்குப் பச்சத்தண்ணி ஆகாதுங்க" என்று சொல்லிவிட்டு, அப்பா போய்ப் பாய்லரை மூட்டினார். சாவுக்குத் தண்ணீர் காய்ந்த பாய்லர் வீட்டில் இருக்கக் கூடாது என்கிறார் பெரியப்பா. அதற்குத்தான் இந்தத் தராசு.

இன்று நான் நேரே பொடக்காலிக்குப் போய்த் தண்ணீர் ஊற்றினேன், கரியைப் போட்டேன், விசிறினேன். கரி சிவந்ததும் வாசலைப் பார்த்துச் சொன்னேன்: "வந்து எடுத்துக்குங்க பெரியப்பா. எரியறத எப்பிடித் தராசுல வெக்கறீங்கன்னு பாக்கறேன்."

பாத்திரக்காரர் சிரித்துக்கொண்டே வண்டியைத் தள்ளிப் போய்விட்டார். நாளைக்கு வந்தாலும் எரியும்.

கரி பஸ் இப்போது இல்லை. மேட்டில் யாரும் இறங்கித் தள்ளுவதில்லை, கண்டக்டரோடு யாரும் வாயாடுவதும் இல்லை. "எந்திரிடி, தண்ணி காஞ்சிருச்சு" என்று என் போர்வையை உருவும் கையும் இல்லை.

படிக்கிற எல்லாரும் உங்கள் சாமியிடம் அவளுக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள். புருசனை விட்டு வந்தவள் என்று சொல்லி வேண்டாதீர்கள். செல்லாயி, மல்லசமுத்திரம் என்று பெயரும் ஊரும் சொல்லியே வேண்டுங்கள்.