புரட்டிப் போட்ட கடலைச் செடி

எதற்கும் பயப்படுகிறவன் நான். மகள் வருகிற பஸ் கொஞ்சம் தாமதித்தாலே ஆட்டோவை எடுத்துக்கொண்டு கே.ஜி.கண்டிகை வரை போய் நிற்பேன். திருத்தணியில் நடக்கும் பேச்சுப் போட்டிக்கு ‘புரட்சி’ என்ற சொல்லையே தலைப்பாக எடுத்திருப்பதாக அவள் சொன்ன ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏழாவதோடு படிப்பை விட்டவன். அந்தச் சொல்லைச் சுவரொட்டியில்தான் பார்த்திருக்கிறேன். அதை ஒட்டின இடத்துக்குப் போலீஸ் ஜீப் வந்ததையும் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் ஞாயிறு. வேர்க்கடலை பிடுங்க நான், மனைவி, மகள் மூன்று பேரும் கழனியில் இருந்தோம்.

“வேற ஏதாவது பேசேன்மா. மழைநீர் சேமிப்பு, அந்த மாதிரி.”

“எல்லாரும் அதத்தான் பேசறாங்க நைனா.”

“நாளைக்கு நீ வேலைக்குப் போறப்ப எவனாவது இதத் தோண்டி எடுப்பான்.”

மனைவி நிமிரவே இல்லை. “ஆங், கலெக்டரே வந்துகினு கீறாரு, உங்க பொண்ணப் புடிக்க. செடியப் புரட்டிப் போடுங்க, காயெல்லாம் ஈரமா கீது.”

பிடுங்கிய செடியை வேர் மேலே பார்க்கத் திருப்பிப் போட்டால்தான் காய் உலரும். திருப்பினேன். மகள் சிரித்தாள்.

“அம்மா சொன்னதுதான் நைனா அது. புரள், புரட்டு, அதுலேருந்து புரட்சி. அடியில கெடந்தது மேல வர்றது. நகரி அத்த வூட்ல தெலுங்குல ‘விப்லவம்’னுவாங்களே, அதுக்கு வேரு வெள்ளம். கரைய ஒடச்சிக்கினு வர்ற தண்ணி.”

“அப்போ வெட்டு, குத்து?”

“நடந்திருக்கு. மேல இருந்தவன் சும்மா எறங்குவானா? அதையும்தான் சொல்லப் போறேன்.”

செடியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன். மாதக்கணக்கில் இருட்டில் கிடந்த காய்கள் மண்ணோடு வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தன. ராஜாக்களைக் கீழே இறக்கிய சொல், என் மனைவி என்னை அதட்டுகிற சொல்லிலிருந்தா பிறந்தது? இத்தனை வருஷமாக என் கழனியிலேயே கிடந்திருக்கிறதே! பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அதைவிடப் பெரியதாக ஒன்று வந்து பக்கத்தில் நின்றது.

“பேசட்டுமா, வேணாமா நைனா?”

“பேசு. நான் வாசல்ல ஆட்டோவோட நிக்கறேன்.”

“எதுக்கு?”

“சும்மாதான்.”

போட்டியன்று ஆட்டோவோடு வெளியே நின்றேன். மைக்கில் அவள் குரலில் அந்தச் சொல் வந்ததும் தெருமுனையைப் பார்த்தேன். ஜீப் இல்லை. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒருவர் குடும்பத்தோடு வந்து, “பஸ் ஸ்டாண்டு வருமாங்க?” என்றார்.

“கொஞ்சம் இருங்க,” என்றேன். “எம்பொண்ணு பேசிகினு கீறா.”