பத்தடி தூரத்தில் இருந்தான்

மூன்று வருடங்களுக்கு முன், ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், யாழ்ப்பாணத்து மைதானம் ஒன்றின் உடுப்பு மாற்றும் அறையில் நடந்தது இது. இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

எங்கள் உதைபந்தாட்ட அணிக்கு அந்த வருடம் ஜோர்ஜியா நாட்டிலிருந்து ஒரு பின்கள வீரன் வந்திருந்தான். முப்பத்திரண்டு வயது. பதினெட்டு வயதில் ஊரை விட்டவன். நாடு நாடாக, அணி அணியாக மாறிக் கடைசியில் எங்களிடம் வந்து சேர்ந்தான். போகப் போக மைதானம் சின்னதாகிறது என்று அவனே சொல்லிச் சிரிப்பான். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் என் வீட்டு மேல்மாடியில்தான் தங்கியிருந்தான். நான் ஆங்கில ஆசிரியர் என்பதால் அவனுடைய எல்லா அலுவலும் என் தலையில் விழுந்தன. என்னை 'அண்ணை' என்றே கூப்பிடுவான். மருதனார்மடம் சந்தையில் கதலிப்பழத்துக்குப் பேரம் பேசுமளவுக்குத் தமிழில் தேறியிருந்தான்.

அன்று இறுதிப் போட்டி. அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் அவனை அடுத்த வருடமும் வைத்திருப்பதா என்று முடிவெடுப்போம் என நிர்வாகம் சொல்லியிருந்தது. முழங்கால் தேய்ந்தவனை வேறு எந்த நாடு கூப்பிடப்போகிறது? அவனுக்கும் அது தெரியும்.

ஆட்ட நாட்களில் எல்லோருடைய கைபேசிகளும் ஒரு பையில், அணிக்கு உதவியாக நிற்கும் என்னிடம் இருக்கும். தொடங்க அரைமணி நேரம் இருக்கும்போது அவனுடையது அடித்தது. வாசலுக்கு வந்து எடுத்தேன். அவனுடைய அக்கா. அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், இன்றைக்குத் தாண்டாது என்கிறார்கள், நினைவு இருக்கும்போதே மகனோடு ஒரு வார்த்தை பேசக் கேட்கிறார் என்று தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் சொன்னாள்.

அவன் மைதானத்தில் இறங்கிவிட்டான் என்றேன். திரும்பிப் பார்த்தால், பத்தடி தூரத்தில் வாங்குப் பலகையில் குனிந்திருந்து சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

நான் கெட்டவன் அல்ல. இது எங்கள் வழக்கம். நான் உயர்தரப் பரீட்சை எழுதியபோது, என்னை வளர்த்த பெரியப்பா இறந்ததைக் கடைசிப் பாடம் முடிந்த பிறகுதான் சொன்னார்கள். பயிற்சியாளரிடம் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன்.

“நீங்கள் செய்தது சரி சேர். சோதினை எழுதுற பிள்ளையளுக்கு உதுகளைச் சொல்லுறமே? ஆட்டம் முடியட்டும்” என்றார்.

ஆட்டத்தின்போது மடியிலிருந்த பைக்குள் இரண்டு தடவை அடித்தது. எடுக்கவில்லை. அதன் பிறகு அடிக்கவேயில்லை.

அவன் அன்றைக்கு விளையாடியதுபோல் ஒருநாளும் விளையாடியதில்லை. ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்றோம். வியர்வை ஒழுக ஓடிவந்து முதலில் என்னைத்தான் கட்டிப்பிடித்தான்.

அறைக்குள் கூட்டிப்போய்ச் சொன்னேன். அக்காவுக்கு எடுத்தான். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அப்பா போய்விட்டார் என்றாள். பிறகு, முதல் அழைப்பு வந்தபோது தான் எங்கே இருந்தான் என்று என்னிடம் கேட்டான். அந்த ஒரு கேள்விக்காவது பொய் சொல்லக்கூடாது என்று வாங்கைக் காட்டினேன்.

“இரண்டு நிமிடம் பேசியிருப்பேன், அண்ணை. பிறகு விளையாடியிருப்பேன்.”

ஆங்கிலத்தில்தான் சொன்னான். அண்ணை மட்டும் தமிழ்.

நிர்வாகம் அடுத்த வருடத்துக்கும் கேட்டது. அவன் கையெழுத்து வைக்கவில்லை. மறுநாள் போனவன்தான். வேறெங்கும் விளையாடுகிறானா என்றுகூடத் தெரியாது. நான் அனுப்பிய எதற்கும் பதில் இல்லை.

போன வருடம் என் மகள் பரீட்சை எழுதிய வாரம் அவளுடைய மாமா இறந்துபோனார். சொல்லாதே என்று சொந்தக்காரர் எல்லோரும் தடுத்தார்கள். பாடசாலை வாசலில் வைத்து நானே சொன்னேன். அழுதாள்; முகத்தைக் கழுவிக்கொண்டு போய் எழுதினாள். அவனும் அப்படித்தான் முகத்தைக் கழுவிக்கொண்டு மைதானத்தில் இறங்கியிருப்பான் என்ற நினைப்பு அன்றிலிருந்து என்னை இன்னும் கூடுதலாக வதைக்கிறது.