பாலில் பிழிந்த எலுமிச்சை

என் அடுப்படி அலமாரியில் ஒரு பழைய டின் இருக்கிறது. யுத்த காலத்தில் கண்டென்ஸ்டு மில்க் என்கிற இனிப்புக் கட்டிப்பால் வந்த டின். திறக்கிற கருவி இல்லாமல் கத்தி நுனியால் குத்திக் குத்தித் திறந்ததில் விளிம்பெல்லாம் பல் பல்லாக நிற்கும். தீப்பெட்டி போட்டு வைத்திருக்கிறேன். "இந்தத் துருவைத் தூக்கி எறியேம்மா, கையக் கிழிச்சுக்கப் போற" என்று என் மகள் வருஷத்துக்கு நாலு தடவையாவது சொல்கிறாள். அவளுக்கு என்ன தெரியும், அப்போது அவளுக்கு நாலு வயது. எங்கள் இரண்டு பேருக்கும் சோறு போட்ட டின் அது.

ரங்கூனுக்குப் போன என் வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் நின்று ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணன் தங்கமானவர். அண்ணியும் கெட்டவள் இல்லை. ஆனால் என் மகள் இரண்டாம் தடவை சோறு கேட்டால் சட்டியில் அண்ணியின் கரண்டி இடிக்கிற சத்தம் மாறும். அந்தச் சத்தம்தான் என்னைக் கிளப்பியது. குளத்தூர்ப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அமெரிக்க டாக்டரம்மாவுக்குச் சமையலுக்கு ஆள் வேண்டும், தங்க ஓர் அறையும் உண்டு என்று கேள்விப்பட்டு, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் நின்றேன். வெள்ளைக்காரச் சமையல் தெரியுமா என்று கேட்டார். "திருச்சியில ஒரு தொரை வீட்டுல ரெண்டு வருஷம் சமைச்சேங்க" என்றேன், கொஞ்சமும் கூசாமல். அந்தத் துரை வீட்டின் மதில் சுவரைத் தவிர நான் எதையும் பார்த்ததில்லை. "ஒரு மாதம் பார்ப்போம்" என்றார்.

அவருடையது முன்ஷி வாத்தியார் வைத்துப் படித்த ஏட்டுத் தமிழ். வயிற்று வலியென்று வருகிறவரிடம் "உமது வேதனை எப்போது ஆரம்பித்தது?" என்பார், அந்த ஆள் வேதனையை மறந்து சிரித்துவிடுவார். சாப்பாட்டில் கெடுபிடி கிடையாது. புளி போடாத ரசத்தை சூப் என்று வைத்தேன், குடித்தார். மிளகாய் போடாமல் முட்டையை அடித்து ஊற்றி ஆம்லெட் என்றேன், சாப்பிட்டார். மூன்று வாரம் இப்படியே ஓட்டிவிட்டேன். எனக்குத் தெம்பு கூட வந்துவிட்டது, எவ்வளவு திமிர் பாருங்கள்.

நாலாவது வாரம் அவருக்கு அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது, எட்டு மாதத்துக்குப் பிறகு. அதைப் பிடித்தபடி நேரே அடுப்படிக்கு வந்தார். தம் ஊரும் கடலோர வெயில் ஊர்தான், நம் கொல்லையில் காய்க்கிற இதே சின்ன எலுமிச்சைதான் அங்கேயும், அதில் அம்மா செய்யும் 'பை' என்கிற பண்டத்துக்கு நாக்கு ஏங்குகிறது என்றார். பக்குவத்தை அம்மா எழுதி அனுப்பியிருந்தார். பிஸ்கெட்டை நொறுக்கி வெண்ணெயில் பிசைந்து தட்டில் அப்ப வேண்டும். அதன்மேல் கட்டிப்பாலும் முட்டை மஞ்சள் கருவும் எலுமிச்சைச் சாறும் கலந்து ஊற்றி, ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். டீக்கு ஆகுமென்று முன்பே டவுன் கடையில் சொல்லிவைத்து இரண்டு மாதம் காத்திருந்து வாங்கிய டின்னை மேஜைமேல் வைத்தார். யுத்தம் முடிகிறவரை இன்னொன்று கிடைக்காது. "பிஸ்கெட் இல்லை, ஐஸ் பெட்டியும் இல்லை. துரை வீட்டில் செய்திருப்பாய் அல்லவா?" என்றார். "செஞ்சிருக்கேங்க" என்றேன். என் நாக்கை அறுத்துப் போட்டிருக்க வேண்டும்.

பிஸ்கெட்டுக்கு வழி தெரிந்தது. பாசிப்பருப்பை வறுத்துத் திருகையில் அரைத்து, கருப்பட்டியைப் பொடித்துப் போட்டு, நெய்யைக் காய்ச்சி ஊற்றி, மாவுருண்டைக்குப் பிசைவது போலவே பிசைந்தேன். உருட்டாமல் தட்டில் அப்பினேன். புளிப்புக்குப் பித்தளை ஆகாது என்று எனாமல் தட்டு எடுத்துக்கொண்டேன். அதுவரை எல்லாம் சரி. டின்னைத் திறந்து பாலை ஊற்றி, மூன்று மஞ்சள் கருவைச் சேர்த்து, எலுமிச்சையைக் கையில் எடுத்தபோதுதான் யோசனை வந்தது. பாலில் எலுமிச்சையைப் பிழிகிறவள் எந்த வீட்டில் இருக்கிறாள்? கண்ணை மூடிக்கொண்டு பிழிந்தேன். நாலைந்து சுற்று கிண்டியதும் கரண்டி கனத்தது. ஓடிக்கொண்டிருந்த பால் இறுகிவிட்டது. எனக்குப் பகீரென்றது.

தண்ணீர் எடுக்க வந்த வார்டு ஆயா எட்டிப் பார்த்தாள். "அடியாத்தி! பாலத் திரிச்சுட்டியேடி! அந்தம்மா ரெண்டு மாசமாக் காத்துக் கெடந்து வாங்குனதாச்சே!"

"எலுமிச்சைய ஊத்தச் சொன்னாங்கக்கா."

"அவுக சொன்னா, ஒனக்குப் புத்தி எங்க போச்சு? அங்கிட்டு எங்கயாச்சும் ஒளிச்சு வை. பூனை உருட்டிருச்சுன்னு சொல்லிக்கிரலாம்."

கீழே கொட்ட மனசு வரவில்லை. தட்டில் ஊற்றி மூடினேன். எறும்பு ஏறாமல் இருக்கத் தாம்பாளத்தில் தண்ணீர் விட்டு நடுவில் தட்டை வைத்தேன். ஈரத்துணியைப் போர்த்தி, தண்ணீர்ப் பானைகளுக்குப் பின்னால் ஈர மணலில் தள்ளினேன். பிறகு அறைக்குப் போய் எங்கள் இரண்டு பேர் துணியையும் மூட்டையாகக் கட்டி வைத்தேன். அண்ணியின் கரண்டிச் சத்தம் காதிலேயே கேட்டது.

சாயங்காலம் டாக்டரம்மா கை கழுவிவிட்டு வந்தார். தானே ஒரு ஸ்பூனை எடுத்து மேஜையில் வைத்துக்கொண்டு, பந்திக்கு முந்திய பிள்ளை மாதிரி உட்கார்ந்தார். பூனை என் வாய்வரை வந்தது. அந்த ஸ்பூனைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை. "பாலு திரிஞ்சு போச்சுங்கம்மா. நான் எந்தத் தொரை வீட்டுலயும் சமைச்சதில்ல. பொய் சொன்னேன்" என்று அழுதுவிட்டேன். "எடுத்து வா" என்றார். எடுத்து வந்து துணியை விலக்கினால், காலையில் கூழாக இருந்தது கத்தி போட்டால் துண்டாக நின்றது. தட்டு ஜில்லென்றிருந்தது.

ஒரு வாய் எடுத்து வைத்தார். நான் மூட்டையை நினைத்துக்கொண்டு நின்றேன். இரண்டாவது வாய் போயிற்று, மூன்றாவதும் போயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. உன் துரை வீட்டை நம்பித்தான் டின்னைக் கொடுத்தேன்" என்றார். "இது திரிந்த பாலா, நான் அறியேன். என் அம்மாவின் ருசி இதுதான். கீழே உள்ள மாவு அம்மாவுடையதைக் காட்டிலும் நன்று." என் மகளைக் கூப்பிட்டு ஒரு துண்டு கொடுத்தார். அவள் இரண்டாவது தடவை கேட்டாள், கொடுத்தார். கடைசியாக என்னைப் பார்த்து, "நாளை முதல் அந்த சூப் வேண்டாம். புளி போட்டே வை" என்றார்.

நாளை முதல்! அப்பாடா என்று அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த அறையில்தான் அதன்பின் இருந்தோம். யுத்தம் முடிந்து வீட்டுக்காரர் தேடி வந்தபோது எங்களை அங்கேதான் கண்டுபிடித்தார்.

இப்போது என் வீட்டிலேயே ஃப்ரிட்ஜ் இருக்கிறது, கடையில் டின் டின்னாகக் கட்டிப்பால் கிடைக்கிறது. பேரப்பிள்ளைகள் கேட்டால் செய்து கொடுக்கிறேன். எத்தனை தடவை செய்தாலும் எலுமிச்சை விழுந்து கரண்டி கனக்கிற நொடியில் எனக்கு இன்னும் பகீரென்கிறது. அலமாரியில் அந்த டின் இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துக்கொள்கிறேன். இருக்கிறது. மேலே கிண்டுகிறேன்.