அப்பாவின் போட்டிக்காரர்

மகன் பிறந்த புதிதில் நாப்பி வாங்கிவர நான் அனுப்பிய என் கணவர், நாப்பியை மறந்துவிட்டு ஒரு படத்தோடு வந்து நின்றார். வால்தம்ஸ்டோ கடைத்தெருவில், பழைய சாமான் விற்கும் சரிட்டி கடை ஒன்றில் கிடைத்ததாம். கறுப்பு வெள்ளைப் படம். கோயில் மண்டபம் போல ஓர் இருட்டான இடம். நடுவில் தாடிக்காரக் கிழவர் ஒருவர் கைக்குழந்தையை ஏந்திக்கொண்டு நிற்கிறார்.

"பழைய ஒல்லாந்து ஓவியர், டச்சுக்காரர் ஒருத்தர் செப்புத் தகட்டில கீறி அச்செடுத்தது. இது பிறகு ஆரோ அடிச்ச பிரதிதான். எண்டாலும் கோடுகளைப் பாரும், என்ன நுணுக்கம்!"

பார்த்தேன். கோழி கிண்டிய மாதிரி இருந்தது.

"சாமி படமெண்டால் கலரிலயெல்லே வாங்கவேணும்? இருட்டுக்க ஒரு கிழவன்!"

சொல்லி என்ன பயன்? முருகனுக்கென்று நான் ஒதுக்கி வைத்திருந்த சுவரில், சோபாவுக்கு மேலே, ஆணி அடித்தாயிற்று.

என் அப்பா அப்போது யாழ்ப்பாணத்தில் இருந்தார். எங்களிடம் வர இரண்டு தரம் விசா கேட்டு, இரண்டு தரமும் இல்லையென்று வந்துவிட்டது. "போனால் திரும்பி வரமாட்டனாம். அப்ப என்ர மாட்டை ஆர் பாக்கிறது? இதை ஆருக்குச் சொல்லி விளங்கப்படுத்த?" என்று பொருமினார். பேரனை அவர் பார்த்ததெல்லாம் போனில்தான். அதையும் கண்ணோடு ஒட்டிப் பிடிப்பார். எங்களுக்கு அவருடைய நெற்றி மட்டும் தெரியும்.

படம் மாட்டிய பிறகு முதல் தடவை பேசும்போதே கேட்டுவிட்டார்.

"பிள்ளை, உனக்குப் பின்னால குழந்தையோட நிக்கிறது ஆர்?"

"படம் அப்பா. ஒல்லாந்துக்காரர் கீறினது."

"ஒல்லாந்தரோ? எங்கட கோட்டையைக் கட்டினவங்கள். அது கிடக்கட்டும், உந்தக் கிழவனுக்கு மட்டும் ஆர் விசா குடுத்தது?"

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் இதே கதைதான். "என்ர போட்டிக்காரன் சுகமோ? பிள்ளையைக் கீழ விடச் சொல்லு, கை நோகப் போகுது." நானும் சிரிப்பேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வராது. மகன் தவழத் தொடங்கியிருந்தான். அப்பாவுக்கோ வயது போய்க்கொண்டிருந்தது. அவர் தூக்கக்கூடிய பாரத்தில் இவன் இருக்கும்போதே வந்துவிட வேண்டுமே என்று கிடந்து தவித்தேன்.

ஒருநாள் படத்தைத் தூசி தட்டும்போது என் கணவர் அதன் கதையைச் சொன்னார். கிறிஸ்தவர்களின் வேதத்தில் வருகிறதாம். அந்தக் குழந்தையைப் பார்க்காமல் உனக்குச் சாவில்லை என்று கிழவருக்குக் கடவுள் வாக்குக் கொடுத்திருந்தாராம். காத்திருந்து, காத்திருந்து, கடைசியில் கோயிலில் குழந்தையைக் கையில் வாங்கியதும், "இனி நான் நிம்மதியாகப் போகலாம்" என்றாராம்.

"எங்கை போறது?"

"மேலதான்."

"ஐயோ, அப்பாட்ட இதைச் சொல்லிப்போடாதேங்கோ!"

மூன்றாம் தரம் விசா கிடைத்தது. அப்பா வருகிற அன்று காலை, படத்தைக் கழற்றி அலுமாரிக்குப் பின்னால் தள்ளினேன். "யூனிவர்சிட்டியில படிச்ச மனுசி செய்யிற வேலையைப் பாருங்கோவன்!" என்று இவர் சிரித்தார். சிரிக்கட்டும். அவருடைய அப்பாவா வருகிறார்?

வந்த அப்பா குளிர்த் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. பேரனை வாரி எடுத்துக்கொண்டு சோபாவில் இருந்தார். அவன் அவருடைய கண்ணாடியைப் பிடுங்கினான். அதை மீட்டுப் போட்டுக்கொண்டு பின்னால் திரும்பியவர், சுவரில் வெறும் ஆணியைப் பார்த்தார்.

"எங்கை என்ர ஆள்?"

"படத்தின்ர கண்ணாடி உடைஞ்சு போச்சப்பா," என்றேன்.

என் கணவருக்குப் பொய் ஒத்துவராது. எழும்பிப் போய்ப் படத்தைக் கொண்டுவந்தார். அதோடு விட்டாரா? கதை கேட்க மாமா கிடைத்துவிட்டார் என்று முழுக் கதையையும், முடிவு உட்பட, ஆற அமரச் சொன்னார். நான் அடுப்படி வாசலில் நின்று பல்லைக் கடித்தேன்.

அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படத்தைப் பார்த்தார். மகன் அவருடைய தொப்பியை இழுத்து வாயில் வைத்தான்.

"அந்த ஆணியிலயே கொழுவிவிடும் தம்பி," என்றார் அப்பா. "பாவம், அவசரக்காரன். எனக்கெண்டால் ஆறு மாத விசா."