மாலை ஆறு மணி வரைக்கும் மச்சான்

கடலூர் செம்மண்டலத்தில் சாமியானா, நாற்காலி, பாத்திரம் வாடகைக்கு விடும் ஞானசேகரன், இந்த நாட்டின் ஜனநாயகத்தை மனதார நேசித்த ஒரு குடிமகன். ஐந்தாண்டுக்கு ஒரு தேர்தல் போதாது என்பது அவருடைய தீர்க்கமான கருத்து. எல்லாத் தேர்தலையும் ஒரே சமயத்தில் நடத்தி முடித்துவிடலாம் என்று தொலைக்காட்சியில் யாராவது பேசினால், ரிமோட்டைத் தேடியெடுத்து அணைத்துவிடுவார். நாற்காலி வாடகை போய்விடுமே என்ற கவலை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அது அபாண்டம். காரணம் அவருடைய மச்சான் இளவரசு.

இளவரசு, ஞானசேகரனின் மனைவி பவானிக்குத் தம்பி. அவர்கள் மகள் வினோதினிக்குக் காது குத்தியபோது மடியில் வைத்துக்கொண்ட தாய்மாமன். ஞானசேகரன் ஒரு கட்சி, மச்சான் நேர் எதிர்க் கட்சி. அதனால் இருவருக்குள்ளும் ஒரு நாளும் மனஸ்தாபம் வந்ததில்லை. வந்தது வினோதினியின் கல்யாணப் பத்திரிகையால். அதில் ஞானசேகரனின் பெயருக்குக் கீழே 'வார்டு அவைத்தலைவர்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. தாய்மாமன் பெயருக்குக் கீழே 'வட்டப் பிரதிநிதி' என்று இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ரோஜாப்பூ இருந்தது. அச்சகத்துக்காரர் இடம் பத்தவில்லை என்றார். இருட்டடிப்பு என்றார் இளவரசு. சீர்த்தட்டுகளை முறைப்படி மேடையில் வைத்தார், பெண்ணை ஆசீர்வதித்தார், பந்தியில் உட்காராமல் வெளிநடப்பு செய்தார். வெளிநடப்பு என்பது அவரே சொன்ன சொல்.

அதோடு பேச்சு நின்றது. பவானி தம்பிக்குப் போன் போடுவார், ஊறுகாய் கொடுத்தனுப்புவார். ஆண்கள் இருவரும் எந்த விசேஷத்திலும் ஒருவரையொருவர் தூண் போலப் பார்த்துக்கொண்டு கடந்து போனார்கள். பிறகு இளவரசு மகனோடு சிதம்பரத்துக்குக் குடிபோனார். ஓட்டை மட்டும் செம்மண்டலத்திலேயே விட்டுவைத்தார்.

கல்யாணத்துக்குப் பின் வந்த முதல் தேர்தலில், எப்போதும்போல இருவரும் செம்மண்டலம் பள்ளிக்கூட வாக்குச்சாவடியில் அவரவர் கட்சிக்கு ஏஜெண்டாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வாக்காளர் அடையாளம் சரியா என்று ஆட்சேபிப்பது ஏஜெண்டின் கடமை. காலையில் முக்காடு போட்டுக்கொண்டு ஒரு கிழவி வந்தாள்.

"சார், அந்த அம்மா யாருன்னு அவுர கேட்டு சொல்லுங்க" என்றார் இளவரசு, வாக்குச்சாவடி அதிகாரியிடம்.

"சார், அது அவுரு சொந்த சித்தின்னு அவுருகிட்ட சொல்லுங்க" என்றார் ஞானசேகரன், அதே அதிகாரியிடம்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "பக்கத்துல பக்கத்துல உக்காந்துகிட்டு எதுக்குங்க நான் நடுவுல? நீங்களே பேசிக்கிங்க."

அரசாங்க உத்தரவு. மீற முடியுமா? பேசினார்கள். ஒரு மணிக்கு பவானி அனுப்பிய கேரியர் ஒன்றுதான் வந்தது. எதிரெதிர்க் கொள்கைகள் ஒரே கேரியரில் கை வைத்தன. "கொழம்புல உப்பு ஜாஸ்தி மாமா." "உங்க அக்காகிட்ட சொல்லு, எங்கிட்ட ஏன் சொல்லுற?" ஆறு மணிக்கு மிஷினுக்குச் சீல் வைத்துக் கையெழுத்துப் போட்டதும் மறுபடி தூண்கள் ஆனார்கள்.

அன்று முதல் ஞானசேகரனுக்குத் தேர்தல் என்பது திருவிழா. சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி எதுவானாலும் சிதம்பரத்திலிருந்து முதல் பேருந்தில் மச்சான் வந்துவிடுவார். மழைக் கோட்டோடு வந்த ஒரு வருஷம். கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு வந்து, வாக்காளர்களை விட்டுவிட்டு ஜன்னலை ஆட்சேபித்த ஒரு வருஷம். கரண்ட் போய், இருவரும் ஒரே அட்டையால் மாறி மாறி விசிறிக்கொண்டு, வினோதினி சின்ன வயதில் வெள்ளிக் கடற்கரையில் தொலைந்து கிடைத்த கதையைப் பேசிய மத்தியானம். ஆட்சிகள் வந்தன, போயின. எது எந்த வருஷம் என்று ஞானசேகரன் கேரியரில் இருந்ததை வைத்துத்தான் கணக்குச் சொல்லுவார்.

இந்த நாடாளுமன்றத் தேர்தலில்தான் இடி விழுந்தது. தேசநலனை முன்னிட்டு, இளவரசின் கட்சி எதிரணியிலிருந்து விலகி, ஞானசேகரனின் கட்சி இருக்கும் ஆளுங்கூட்டணிக்கு வந்தது. தலைவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டதை டிவி நாள் முழுக்கக் காட்டியது.

"நல்லதாப் போச்சு. இனிமேலாச்சும் ரெண்டு பேரும் பேசுவீங்க" என்றார் பவானி.

"புரியாம பேசாத. ஒரே கூட்டணின்னா பூத்துக்கு ஒரு ஏஜெண்டுதான். அவன் சிதம்பரத்துலயே இருந்துடுவான்."

"அப்ப போன் பண்ணிப் பேசுங்க."

"என்னான்னு பேசறது? எதிர்த்து நின்னா பேசலாம். ஒண்ணா நின்னா பேச என்னா இருக்குது?"

கூட்டணியின் பகுதிப் பொறுப்பாளர் ராஜவேல் புதியவர், குறிஞ்சிப்பாடிக்காரர், சுறுசுறுப்பானவர். குடும்பக் கதை எதுவும் அவருக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் போன் போட்டார். "அண்ணே, நீங்களும் சீனியரு, அவுரும் சீனியரு. உங்களுக்குள்ள பேசி யாராவது ஒருத்தரு உக்காந்துக்குங்க. ரெண்டு பேரு பேருக்கும் ஏஜெண்டு லெட்டரு ரெடியா வெச்சிருக்கேன்."

உங்களுக்குள்ள பேசி. ஞானசேகரன் போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பேச முடியாது. அது நடக்கிற காரியமில்லை. நாம் ஒதுங்கினால் மச்சான் கட்டாயம் வந்து உட்காருவான், கட்சிப் பற்று உள்ளவன். ஆனால் நாம் உள்ளே போக வழி? நாற்காலி எடுக்க வந்த ஜெயப்பிரகாஷ் என்ற சுயேச்சை வேட்பாளரைப் பார்த்ததும் வழி பிறந்தது. அவருக்குச் சின்னம் கேரம் போர்டு. தொகுதி முழுக்க அவருக்கு ஒரு ஏஜெண்டும் இல்லை.

"எனக்கா உக்காரப் போறீங்க? ஏண்ணே?" என்றார் வேட்பாளர், பயந்துபோய்.

"உங்க கொள்கை புடிச்சிருக்குது."

"நான் இன்னும் கொள்கை எதுவும் சொல்லலியேண்ணே."

"அதான் புடிச்சிருக்குது."

வாக்குப்பதிவு நாள் விடிகாலை, நாற்பது வருஷக் கட்சிக்காரர் ஞானசேகரன், கரை வேட்டியைத் தவிர்த்து வெறும் வெள்ளை வேட்டியில் சாவடிக்குப் போனார். மச்சான் முன்னாடியே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உயிர் வந்தது. சட்டென்று கண்ணில் பட்டது, அவரும் வெறும் வெள்ளை வேட்டி.

அதிகாரி பிரிசில்லா டீச்சர், மாதிரி வாக்குப்பதிவுக்கு முன் ஏஜெண்டுகளைச் சரிபார்த்தார்.

"கேரம் போர்டு?"

"நான்தாங்க" என்றார் ஞானசேகரன்.

"தையல் மெஷின், அதுவும் சுயேச்சை?"

"நானு" என்றார் இளவரசு.

"ஆளுங்கூட்டணி?"

பிரிசில்லா இன்னொரு முறை கேட்டார். எதிரணியின் இளைஞன் ஏஜெண்டு வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, "யாரும் வரல மேடம்" என்றான், தன் கண்ணையே நம்பாமல்.

மாமனும் மச்சானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்க உக்காருவீங்கன்னு நெனச்சேன்" என்றார் இளவரசு மெதுவாக.

"நீ உக்காருவேன்னு நான் நெனச்சேன்."

"உங்களுக்கு எதிரா இருக்கட்டுமேன்னுதான் தையல் மெஷினுக்கு..."

"சரி சரி, மெதுவா பேசு. ஆளுங்க வர ஆரம்பிச்சுட்டாங்க."

அன்று அந்தச் சாவடியில் கேரம் போர்டுக்கும் தையல் மெஷினுக்கும் நடந்த போட்டியைப் போல் கடலூர் தொகுதியில் எங்கும் நடக்கவில்லை. ஒவ்வொரு வாக்காளரையும் ஒருவர் ஏற்றார், மற்றவர் ஆட்சேபித்தார். பவானியே ஓட்டுப் போட வந்தபோது இளவரசு எழுந்து, "இந்த அம்மா அடையாள அட்டையில இளைச்சு இருக்கறாங்க" என்றார். பவானி தம்பியை முறைத்த முறைப்பில் ஆட்சேபணை வாபஸ் ஆனது. கேரியர் ஒரு மணிக்கு வந்தது. வஞ்சிர மீன் குழம்பு.

ஆறு மணிக்குச் சீல் வைத்தார்கள். கையெழுத்துப் போட்டார்கள். இனி எந்தச் சுயேச்சை கிடைப்பான், யார் காலில் விழுந்து யாருக்கு ஏஜெண்டாவது என்று ஞானசேகரன் யோசித்தார். இருவரும் வழக்கம்போல ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

வாசலில் ராஜவேல் நின்றிருந்தார். முகம் கறுத்திருந்தது. "ஏண்ணே, ஆளுங்கூட்டணிக்கு ஒரு பூத்துல ஏஜெண்டு இல்லன்னு மாவட்டம் பூரா சிரிக்குது. பேசி முடிவு பண்ணுங்கன்னு சொன்னேனா இல்லியா? ரெண்டு பேரும் பேசினீங்களா இல்லியா?"

ஞானசேகரன் செருப்பைப் பார்த்தார். பேசவில்லை என்று சொன்னால், ஏன் பேசவில்லை என்று கேட்பான். நடுத்தெருவில் ரோஜாப்பூ வரைக்கும் சொல்லவேண்டி வரும்.

"பேசினோம் தம்பி" என்றார் இளவரசு. மணி ஆறு தாண்டியிருந்தது. "நாலு நாளு பேசினோம். ஒத்து வரல. அப்பிடித்தான மாமா?"

"ஆமா" என்றார் ஞானசேகரன். "நீ உக்காருன்னு நானு, நீங்க உக்காருங்கன்னு அவன். ஜாஸ்தியாப் போயி சண்டையாயிடுச்சு."

"ரெண்டு பேரு மேலயும் நடவடிக்கை வரும்" என்று சொல்லிவிட்டு ராஜவேல் வண்டியை எடுத்தார்.

வண்டி திரும்பும்வரை இருவரும் நின்றார்கள்.

"கடைசி பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்றார் ஞானசேகரன்.

"அதெல்லாம் நெறைய இருக்குது."

"நாலு நாளுன்னு எதுக்குடா சொன்ன? ஒரு நாளுன்னு சொன்னா நம்ப மாட்டானா?"

"நீங்க எப்பவும் இப்பிடித்தான் மாமா, நடந்து முடிஞ்ச பொறவு ஆட்சேபணை பண்ணுவீங்க" என்றார் இளவரசு. காலி கேரியரை அவர்தான் எடுத்துக்கொண்டார். வீடு போய்ச் சேரும்வரை அந்த விவாதம் முடியவில்லை.